‘ஆள் கிடைக்கலை’ என்று சொல்வதற்கு முன்

நம் இயக்கக் கூட்டங்களில் மேடைப் பேச்சு ஒன்று, கூட்டம் கலைந்து டீ குடிக்கும்போது பேசுவது வேறொன்று. மேடையில் பாரம்பரிய நெல், அமுதக்கரைசல், பஞ்சகவ்யம். டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "ஆள் கிடைக்கலைங்க. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம். அப்புறம் நிலத்தை வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அம்மாப்பேட்டைப் பக்கம் அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கரை இயற்கை வழிக்குத் திருப்பியவன் நான். மண் திருந்தியது, விதை சேர்ந்தது, அரிசி வாங்க வாடிக்கையாளரும் கிடைத்தார்கள். ஆள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வந்தது. காலம் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். 2022 குறுவையில்தான் கெட்டது எது என்று தெரிந்தது.

முப்பத்து நாலு நாள் நாற்று

அந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திருக்கவில்லை. மே 24-லேயே திறந்துவிட்டார்கள். டெல்டா முழுக்கக் குறுவை களைகட்டியது. நான் பூங்கார் நாற்று விட்டிருந்தேன். இருபது நாளில் பறித்து நட வேண்டிய நாற்று. நடவுக்கு வழக்கமாக ஆள் கூட்டி வருகிற அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். "நாளைக்கு வர்றோம்" என்றார்கள். நாளை வந்தது, ஆள் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்குள் பக்கத்து வயலில் அதே பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். வயிறு எரிந்தது.

நாற்று முப்பத்து நாலு நாள் ஆகி, நாற்றங்காலிலேயே கணு விட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு ஏஜென்ட் மூலம் மேற்கு வங்கத்திலிருந்து வந்த குழுவைப் பிடித்தேன். பறியும் நடவும் சேர்த்து ஏக்கருக்கு 4,500 ரூபாய். ஒன்றரை நாளில் நட்டு முடித்தார்கள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கயிறு பிடித்து வரிசைக்கு வரிசை இடைவெளி விடச் சொல்ல எனக்கு மொழி தெரியவில்லை. கோனோவீடர் ஓட்ட முடியாத நெருக்கமாகிவிட்டது. பதினைந்தாம் நாள் கோரையும் குதிரைவாலியும் பயிரை மூடிக்கொண்டு வந்தபோது, அந்தக் குழு திருவாரூர்ப் பக்கம் எங்கேயோ நட்டுக்கொண்டிருந்தது.

ரசாயன விவசாயம் செய்கிறவருக்கு இந்தக் கஷ்டம் பாதிதான். நட்டுவிட்டால் களைக்கொல்லி இருக்கிறது. நமக்கு நடவு ஆரம்பம் மட்டுமே. முதல் களை, இரண்டாம் களை, கலவன் பிடுங்குவது, சாய்ந்த பயிரைக் கையால் அறுப்பது என்று அறுவடைவரை மனிதக் கை வேண்டும். ஒருநாள் வந்துவிட்டுப் போகிற கை போதாது. எது பயிர், எது களை, எந்த வயலில் எந்த ரகம் என்று தெரிந்த கை வேண்டும். ஆளைத் தேடிப் பிடிக்கிற பிரச்சினை எல்லா விவசாயிக்கும் உண்டு. ஆளைத் தக்கவைக்கிற பிரச்சினை இயற்கை விவசாயிக்கு இரண்டு பங்கு.

அந்தக் குறுவையில் ஏக்கருக்கு ஒன்பது மூட்டைதான் கண்டது. அதற்கு முந்தின வருஷம் பதினாறு.

அந்த அம்மா சொன்னது

அறுவடை முடிந்த பிறகு, ஆள் கூட்டி வருகிற அந்த அம்மாவின் வீட்டுக்கு நானே போனேன். அவர்கள் தெருவுக்கு அதுவரை ஓட்டுக்கேட்பவர்களோடு போயிருக்கிறேன், வங்கிக் கடன் வசூலுக்குப் போயிருக்கிறேன். ஒரு விவரம் கேட்கப் போனது அதுதான் முதல் தடவை. பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, நான் என்ன குறை வச்சேன்? ஊர்ல குடுக்கிற கூலியத்தானே நானும் குடுக்கிறேன்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கோவிச்சுக்கலைன்னா சொல்றேங்கய்யா. நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை குடுப்பீங்க. எங்களுக்கு வியாழக்கிழமை காலையில குழுப் பணம் கட்டணும்."

குழுப் பணம் என்றால் நுண்கடன். ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய கடன். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவள் தவணையையும் போட்டுக் கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு வசூல்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். கடைசி ஆள் கட்டும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. வியாழக்கிழமைகளில் இந்தப் பெண்கள் எட்டரைக்கு வயலுக்கு வந்ததும், நான் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வயல்காரர் என்னைவிட ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் அங்கே போனது வேலை முடிந்த கையோடு பணத்தைக் கையில் கொடுத்ததற்காக.

முப்பத்து நாலு வருஷம் தவணை தேதி தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவன் நான். எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு நான் தவணை தேதி தவறியிருக்கிறேன் என்று தோன்றியதே இல்லை.

பேச்சு ஆரம்பித்ததும் மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். ஒவ்வொன்றாக வந்தது.

"எந்தத் தேதியில வேலைன்னு நீங்க சொன்னதே இல்லீங்க. திடீர்னு ராத்திரி ஆள் விடுறீங்க. நாங்க வேற எடத்துல வாக்குக் குடுத்திருப்போம்."

"ஒதுங்க எடமில்ல. முன்னாடி மூங்கில் கொல்லை இருந்துச்சு, அதையும் வெட்டிட்டீங்க. நடவுன்னா காலையிலேயே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவோம். மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு குனிஞ்சு நிக்கணும்."

"டிராக்டர் ஓட்டுற பையன் எம் பேரன் வயசு. வாடி போடிங்கிறான். நீங்க கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறீங்க."

ஒரு பெண் கடைசியாகச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "மெஷின் வந்தப்புறம் எங்களுக்குக் குனியிற வேலை மட்டுந்தான் மிச்சம். நெல்லு மெஷினுக்குப் போச்சு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடவும் களையும் முதுகு ஒடிகிற வேலை, கூலி குறைவு. அறுவடையில்தான் நெல்லாகக் கூலி வரும். ஒரு குடும்பம் சில மாதம் சாப்பிடுகிற நெல் அது. நடவுக்கு வந்தவர்களுக்குத்தான் அறுவடை என்பது எழுதாத ஒப்பந்தம். அந்த நெல்லுக்காகத்தான் குறைந்த கூலிக்கு நட்டார்கள், களை பறித்தார்கள். நாம் அறுவடையை மட்டும் பிரித்து மெஷினுக்குக் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தத்தில் நம் பக்கத்தை ரத்து செய்துவிட்டு, அவர்கள் பக்கம் மட்டும் தொடர வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

இது புதுக் கதை இல்லை

தஞ்சாவூர் ஜில்லாவில் ஆளை நிறுத்தி வைப்பது எப்படி என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. பண்ணையாள் முறையில் ஆள் போகாமல் பார்த்துக்கொண்டது கடனும் அடியும். சாணிப்பாலும் சவுக்கடியும் இந்த மண்ணில் நடந்தவை. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டித்தான் அதை நிறுத்தினார்கள்.

1952-இல் ராஜாஜி அரசு தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது, கூலி இவ்வளவு என்றெல்லாம் அதில் இருந்தது. நடந்தது என்ன? நிலக்காரர்கள் பலர் பண்ணையாள் வைப்பதையே குறைத்துக்கொண்டு தினக்கூலிக்கு மாறினார்கள். வேலை இருக்கிற நாளில் மட்டும் ஆள், மற்ற நாளில் பொறுப்பு இல்லை. இன்றைக்கு ‘ஆள் நிற்பதில்லை’ என்கிறோமே, நிற்க வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தது நம் பக்கம்தான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தகராறின் மூலம் நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னதும், உள்ளூர் ஆளை விட்டுவிட்டு வெளியூர் ஆளை வைத்து அறுத்ததும். அதற்குப் பிறகுதான் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்றைக்கு வடக்கிலிருந்து குழு இறங்குகிறபோது நம் ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று பார்க்கிற பார்வையில் அந்தப் பழைய நினைப்பும் இருக்கிறது. வருகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வயலில் நட்டவர்கள் மோட்டார் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்தார்கள். ஏக்கருக்கு நான் கொடுத்ததில் ஏஜென்ட் எடுத்தது போக அவர்கள் கையில் எவ்வளவு சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அதுவும் என் பிழைதான்.

கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் குற்றமாகிவிட்டது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். நான் ஒருமுறை தண்ணீர் பாய்ச்சுகிற ஆளுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். அவர் மகனோடு திருப்பூர் போகப் போகிறேன் என்றபோது, "பணத்தை வச்சுட்டுப் போ" என்றேன். போகவில்லை, இரண்டு வருஷம் இருந்தார். விசுவாசமான ஆள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நூறு நாள் வேலைமேல் பழி

டீக்கடைப் பேச்சில் அடுத்த வரி எப்போதும் இதுதான்: "நூறு நாள் வேலை வந்துதான் கெட்டுச்சு." அந்தத் திட்டம் 2006 பிப்ரவரியில் முதலில் வந்த 200 மாவட்டங்களில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. அடுத்த வருஷம் தஞ்சாவூரும் திருவாரூரும் சேர்ந்தன. 2025-26-க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நூறு நாள் என்றால் மீதி 265 நாள் இருக்கிறது. அந்த 265 நாளில் நாம் எத்தனை நாள் வேலை கொடுத்தோம்?

என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 2022-இல் என் வயலில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 31 நாள். ஒரு வருஷத்தில் ஒரு மாத வேலை கொடுத்துவிட்டு, நான் கூப்பிட்ட அன்றைக்கு அவள் தயாராக நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய ஊரக வேலைச் சட்டம் 125 நாள் என்கிறது. விதைப்பு, அறுவடை நெருக்கடிக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை அந்த வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் தருகிறது. நம்மில் பலருக்கு இதில் சந்தோஷம். எனக்கு இல்லை. வேறு கதவை அடைத்துவிட்டு ‘என் வீட்டுக்கு வா’ என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் கதவு திறந்ததும் போய்விடுவார்கள். விஷமில்லாத உணவு என்று பேசுகிற இயக்கம் அந்த வழியில் ஆள் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

நான் மாற்றியவை

பெரிய திட்டமெல்லாம் இல்லை. அந்த அம்மா வீட்டுப் பெஞ்சில் கேட்டதை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலாவது, அன்றன்று கூலி. வேலை முடிந்து கரையேறும்போது பணம் கையில். ஜிபே வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், போன் பிள்ளைகளிடம் இருக்கிறது. சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை மட்டும் வேலை எட்டரைக்கு ஆரம்பம்.

இரண்டாவது, தேதி. சித்திரையில் ஒருநாள், புரட்டாசியில் ஒருநாள் உட்கார்ந்து பேசுகிறோம். எந்த வாரம் நாற்று விடுகிறேன், எப்போது நடவு, எப்போது களை என்று சொல்லிவிடுகிறேன். ஆறு ஏக்கரையும் ஒரே நாளில் நட வேண்டும் என்ற பழக்கத்தை விட்டேன். ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று தடவையாக நாற்று விடுகிறேன், வயதில் கொஞ்சம் முன்பின்னான ரகங்களாக. மூன்று நாளில் முப்பது ஆள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது மூன்று வாரத்துக்குப் பத்துப் பேர் போதும். ஆள் தட்டுப்பாட்டில் பாதி, எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவதால் வருகிறது. நாற்றங்காலைப் பிரித்தால் அந்தப் பாதி தீரும்.

மூன்றாவது, கழிப்பறை. மோட்டார் கொட்டகையை ஒட்டி, தண்ணீர் வசதியோடு ஒன்று கட்டினேன். 28,000 ரூபாய் ஆனது. பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, குடிக்கத் தண்ணீர்ப் பானை. சொந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அவங்களுக்குப் போயி கக்கூஸா?" என்றார். அந்த ‘அவங்களுக்கு’ என்ற வார்த்தையில் எந்தத் தெரு என்பது அடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் அவர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. இப்போது எல்லோருக்கும் ஒரே டம்ளர். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இன்னும் பல வீட்டுக் கொல்லையில் அது இருக்கிறது.

நாலாவது, மரியாதை. டிராக்டர் பையனைக் கூப்பிட்டு, "வயசான பொம்பளைங்கள வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும், இல்லேன்னா வேற எடம் பாத்துக்க" என்றேன். நானும் ‘ஏ புள்ள’ என்பதை விட்டேன்.

ஐந்தாவது, வங்கிக்காரனாக என்னால் முடிந்தது. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். பாம்புக்கடிச் சாவும் இதில் வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான பதிவு வேண்டும். காப்பீட்டு வருஷம் ஜூன் 1-லிருந்து மே 31 வரை. மே கடைசியில் பணம் தானாகப் பிடித்துக்கொள்வார்கள், கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். பல பேருக்கு இப்படித்தான் நின்றிருந்தது. மே மூன்றாம் வாரம் எல்லோருடைய பாஸ்புத்தகத்தையும் வாங்கிப் பார்ப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இல்லாத ஆறு பேருக்கு விஏஓ ஆபீசுக்குக் கூடவே போய் விண்ணப்பம் கொடுத்தேன்.

போன வருஷம் வரப்பு வெட்டியவரை விரியன் கடித்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் பிழைத்துவிட்டார். இருபது நாள் வேலைக்கு வர முடியவில்லை. பிழைத்தவருக்கு அந்த 20 ரூபாய்க் காப்பீட்டில் ஒன்றும் கிடையாது. பாதிக் கூலி நான் கொடுத்தேன். மீதிப் பாதிக்கு அவர் கடன் வாங்கினார். இதற்கு வழி இன்னும் தெரியவில்லை.

ஆறாவது, வேலை நாள். சம்பா அறுவடைக்கு முன் உளுந்து தெளிப்பு, பிறகு உளுந்து பறிப்பு, கோடையில் அரை ஏக்கரில் காய்கறி, பலதானிய விதைப்பு, விதைநெல் பொறுக்குவது, அவல் இடிப்பது. முன்பு மில்லுக்கு அனுப்பியதைக் கொட்டகையிலேயே செய்கிறோம். ஏக்கர் ஒன்றில் மட்டும் மெஷின் விடாமல் கையால் அறுத்து, கூலியை நெல்லாகவே தருகிறேன். மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்து கிடக்கும்போது எப்படியும் மெஷின் திணறும். 2025-இல் எட்டுப் பெண்களுக்குத் தலைக்கு 96 நாள் வேலை போனது.

கட்டுப்படி ஆகுமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பெண்களுக்கு 300 ரூபாயாக இருந்ததை 400 ஆக்கினேன். ஊரில் பெரிய சண்டை. "நீங்க பென்ஷன்காரர், ஏத்திவிட்டுட்டுப் போயிடுவீங்க. நாங்க எங்க போறது?" என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்தே கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் பென்ஷனைத் தொடாமல் வயல் வரவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன்.

என் வயலில் ஏக்கருக்கு நடவுக்கு 12, முதல் களைக்கு 14, இரண்டாம் களைக்கு 10, ஆக 36 பெண் ஆள். ஆளுக்கு 100 ரூபாய் கூடினால் 3,600. சம்பாவில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 18 கண்டது. 1,080 கிலோ நெல், அரிசியாக ஏறத்தாழ 650 கிலோ. கிலோவுக்கு ஐந்தரை ரூபாய்தான் கூடுகிறது. 90 ரூபாய்க்குக் கொடுத்த அரிசியை 96 ஆக்கி, ஏன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் போட்டேன். ஒரு வாடிக்கையாளர் நின்றுவிட்டார். இரண்டு பேர் போன் செய்து விசாரித்தார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் அரிசியை வாங்க வருகிறவர்கள் மருந்து அடித்தீர்களா, உரம் போட்டீர்களா என்று கேட்கிறார்கள். களை பறித்தவருக்கு என்ன கூலி என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நாமாகச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பார்கள்.

கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவருக்கு இந்த வசதி இல்லை என்பதும் தெரியும். விலை அவர் கையில் இல்லை. கூலிக்காரரையும் விவசாயியையும் மோத விட்டுவிட்டு விலையை வேறு யாரோ வைக்கிறார்கள். கட்டுப்படியான விலை கேட்கிற நம் போராட்டத்தில் கட்டுப்படியான கூலியும் சேர்ந்தால் அதே தெருவிலிருந்து ஆயிரம் பேர் கூட வருவார்கள்.

இன்னும் தீராதது

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஆணுக்குக் காலை வேலைக்கு 600, பெண்ணுக்கு 400. சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். ‘வேலை வேற, கூலி வேற’ என்று ஆண்கள் சொல்கிறார்கள். மண்வெட்டி கனம் என்பது சரி. ஆறு மணி நேரம் சேற்றில் குனிந்திருப்பது எந்தக் கனம்? பதில் என்னிடம் இருக்கிறது, கொடுக்கத்தான் இன்னும் கை வரவில்லை.

எட்டுப் பேரில் வயது குறைந்த பெண் போன ஆடியில் திருப்பூர் போய்விட்டாள். சொல்லிவிட்டுத்தான் போனாள். "அங்க மாசம் ஆனா சம்பளங்கய்யா, பிஎஃப் புடிக்கிறாங்க. மழை பேஞ்சாலும் கூலி உண்டு." நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டது மாதச் சம்பளம், நான் கொடுக்க முடிந்தது தினக்கூலி. மிச்சமிருக்கிறவர்கள் எல்லோரும் நாற்பத்தைந்துக்கு மேல்.

ஆறு ஏக்கரில் யாருக்கும் மாதச் சம்பளம் தர முடியாது. போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் இருபது, இருபத்தைந்து ஏக்கர் சேர்ந்தால் முடியலாம் என்று கணக்கு சொல்கிறது. இந்தத் தையில் நாங்கள் நாலு பேர், மொத்தம் 23 ஏக்கர், ஒன்றாக உட்கார்ந்தோம். நாற்று விடுகிற தேதியை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்வது, பத்துப் பெண்களுக்கு மாதம் 16 நாள் வேலை உறுதி, வேலை இல்லாவிட்டாலும் அந்த 16 நாள் கூலி, அதாவது 6,400 ரூபாய், பொதுக் கணக்கிலிருந்து. வங்கியில் கூட்டுக் கணக்கு திறந்தாயிற்று. யார் வயலுக்கு முதலில் ஆள் போவது என்ற சண்டையில் ஒருவர் ஏற்கெனவே விலகிவிட்டார். இப்போது மூன்று பேர், 17 ஏக்கர். பத்துப் பெண்களை ஏழாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அதை அந்த மூன்று பேரிடம் போய்ச் சொன்ன நாள் சங்கடமான நாள்.

இது நிற்குமா என்று அடுத்த குறுவை முடிந்தால்தான் தெரியும். வேறு ஊர்களில் இப்படிச் சேர்ந்து செய்து பார்த்தவர்கள் இருந்தால், நின்றதோ நின்றுபோனதோ, ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதற்கு முன்னால் எல்லோரும் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. போன வருஷ நோட்டை எடுத்து, உங்கள் வயலில் ஒரு ஆளுக்கு எத்தனை நாள் வேலை கொடுத்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பிறகு அவர்கள் தெருவுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். எனக்குப் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். உங்களுக்கும் போடுவார்கள்.